கிளாஸ் எதற்கு? பைதான் கற்கத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் பாடம் பெரும்பாலும் விலங்குகளில்தான் தொடங்குகிறது. 'விலங்கு' என்று ஒரு கிளாஸ், அதிலிருந்து 'நாய்', 'பூனை', இரண்டுக்கும் 'சத்தம் போடு' என்று ஒரு மெத்தட், அதாவது கிளாஸுக்குள் எழுதும் ஃபங்ஷன். படிப்பவர் அதை அப்படியே எழுதிவிடுவார், தேர்விலும் மதிப்பெண் வாங்கிவிடுவார். ஆனால் நாளைக்கு ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்தால் எங்கே கிளாஸ் போடுவது, எதற்காகப் போடுவது என்று பிடிபடாது. காரணம் எளிது. குரைக்கும் நாயில் பாதுகாக்க வேண்டிய தகவல் எதுவுமே இல்லை. கிளாஸின் வேலையே தகவலையும் அதைக் காக்கும் விதிகளையும் ஒரே இடத்தில் வைப்பதுதான்.

எனவே இந்த வழிகாட்டி வேறு பாதையில் போகிறது. மளிகைக் கடையின் பற்று நோட்டுக்கு ஒரு சிறு புரோகிராம் எழுதுவோம். முதலில் கிளாஸே இல்லாமல் எழுதி, அது எங்கெங்கே உடைகிறது என்று பார்ப்போம். உடைந்த இடங்களைச் சரிசெய்துகொண்டே போனால் கிளாஸ் தானாக வந்து நிற்கும்.

தேவையானவை: பைதான் 3.7 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு, ஏதாவது ஒரு எடிட்டர், லிஸ்ட், டிக்ஷனரி, இஃப், ஃபங்ஷன் ஆகியவற்றில் ஓரளவு பழக்கம். அவ்வளவு போதும்.

குறியீட்டைப் படிக்கும் முறை

இங்கே குறியீடு முழுக்கத் தமிழ் எழுத்தில் இருக்கிறது. கிளாஸ், டெஃப், செல்ஃப், இஃப், ரிட்டர்ன், ரெய்ஸ், பிரின்ட் போன்ற பைதானின் சொற்களை எடிட்டரில் அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். வேல்யூஎரர் போன்ற எரர் பெயர்களில் மட்டும் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பேரெழுத்து. நன், ட்ரூ, ஃபால்ஸ் ஆகியவற்றுக்கும் முதல் எழுத்து பேரெழுத்து. பாக்கி, வரம்பு, வாடிக்கையாளர் என்று நாம் வைக்கும் பெயர்களை மாற்ற வேண்டாம். பைதான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும். பெயருக்குள் இடைவெளி மட்டும் கூடாது, அடிக்கோடு போடுங்கள்.

படி 1: இரண்டு லிஸ்ட்

தொடக்க நிலையில் யாரும் முதலில் எழுதுவது இதைத்தான்:

    பெயர்கள் = ["முருகன்", "செல்வி", "பாத்திமா"]
    பாக்கிகள் = [450, 1200, 0]

முதல் பெயருக்கு முதல் தொகை, இரண்டாவது பெயருக்கு இரண்டாவது தொகை. மூன்று பேர் இருக்கும்வரை ஒழுங்காக ஓடும். பிறகு ஒருநாள் பெயர்களை வரிசைப்படுத்தத் தோன்றும்:

    பெயர்கள்.சார்ட்()

இப்போது பெயர்களின் வரிசை செல்வி, பாத்திமா, முருகன். தொகைகளோ நகரவே இல்லை. செல்வியின் 1200 ரூபாய் பாக்கி 450 ஆகிவிட்டது. ஒரு ரூபாய்கூடப் பாக்கி வைக்காத பாத்திமாவின் தலையில் 1200 விழுந்துவிட்டது. முருகனின் கடன் காணாமலே போயிற்று. பைதான் எந்த எரரும் காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். புரோகிராம் சரியாக ஓடி, தவறான விடையைத் தருகிறது. இதைவிட ஆபத்தான பிழை புரோகிராமிங்கில் இல்லை. எரர் வந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்; இது கடைக்கும் வாடிக்கையாளருக்கும் சண்டை வந்த பிறகுதான் தெரியும்.

ஒரே ஆளைப் பற்றிய தகவல் இரண்டு இடத்தில் பிரிந்து கிடந்ததுதான் இதற்குக் காரணம்.

படி 2: ஆளுக்கு ஒரு டிக்ஷனரி

    ஆள் = {"பெயர்": "செல்வி", "பாக்கி": 1200, "வரம்பு": 3000}
    ஆள்["பாக்கி"] = ஆள்["பாக்கி"] + 250

பெயரும் பாக்கியும் இனி பிரியாது. வரிசைப்படுத்தினாலும் சேர்ந்தே நகரும். 'வரம்பு' என்பது இவருக்கு அதிகபட்சம் எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்ற தொகை. பல புரோகிராம்களுக்கு இந்த அளவே போதும். ஆனால் இங்கே மூன்று ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, எழுத்துப் பிழை.

    ஆள்["பாகி"] = ஆள்["பாக்கி"] + 250

ஒரு 'க்' விட்டுப்போனது. டிக்ஷனரியைப் பொறுத்தவரை இது தவறே இல்லை. 'பாகி' என்று புதிதாக ஒரு கீ உருவாக்கி அதில் 1450-ஐ வைத்துவிடும். உண்மையான பாக்கி 1200-லேயே நிற்கும். கடைக்காரருக்கு 250 ரூபாய் நட்டம், எரர் எதுவும் இல்லை.

இரண்டாவது, விடுபடல். பத்து இடத்தில் புது வாடிக்கையாளரைச் சேர்த்தால் அதில் ஏதாவது ஓரிடத்தில் 'வரம்பு' எழுத மறந்துபோகும். அந்தத் தவறு அப்போது வெளியே வராது. அவர் பெயரில் முதல்முறை கடன் எழுதி வரம்பைச் சரிபார்க்கும்போதுதான் கீஎரர் என்று புரோகிராம் நிற்கும். எரர் காட்டும் வரியில் தவறு இருக்காது. தவறு நடந்த இடம் எங்கோ, எப்போதோ.

மூன்றாவதுதான் பெரியது: விதிக்கு வீடு இல்லை. 'பாக்கி வரம்பைத் தாண்டக் கூடாது' என்பது கடையின் விதி. தினசரி விற்பனையில் அதைச் சரிபார்த்திருப்பீர்கள். தீபாவளிக்காக எழுதிய தனிப் பகுதியில் மறந்திருப்பீர்கள். பாக்கியை எவரும் எங்கிருந்தும் நேரடியாக மாற்றலாம் என்றால், அப்படி மாற்றும் ஒவ்வொருவரும் விதியை நினைவில் வைத்திருக்க வேண்டும். புரோகிராம் 50 வரியாக இருக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. 500 வரியானதும் எந்தெந்த வரி பாக்கியைத் தொடுகிறது என்று தேடுவதே தனி வேலையாகிவிடும்.

படி 3: விதியை ஃபங்ஷனுக்குள் கொண்டுவருதல்

    டெஃப் பற்று_எழுது(ஆள், தொகை):
        இஃப் தொகை <= 0:
            ரெய்ஸ் வேல்யூஎரர்("தொகை பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும்")
        இஃப் ஆள்["பாக்கி"] + தொகை > ஆள்["வரம்பு"]:
            ரெய்ஸ் வேல்யூஎரர்("கடன் வரம்பு தாண்டுகிறது")
        ஆள்["பாக்கி"] += தொகை

    டெஃப் வரவு_வை(ஆள், தொகை):
        இஃப் தொகை <= 0:
            ரெய்ஸ் வேல்யூஎரர்("தொகை பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும்")
        ஆள்["பாக்கி"] -= தொகை

விதிக்கு இப்போது ஓர் இடம் கிடைத்துவிட்டது. ரெய்ஸ் என்பது எரரை எழுப்பி ஃபங்ஷனை அங்கேயே நிறுத்தும். தொகை பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்ற சரிபார்ப்பைத் தேவையற்றதாக நினைக்க வேண்டாம். யாராவது கைதவறி மைனஸ் 250 என்று பற்று எழுதினால் அது ரகசியமாகக் கடனைக் குறைத்துவிடும்.

இந்த இரண்டு ஃபங்ஷன்களையும் இன்னொரு முறை பாருங்கள். இரண்டுமே முதலில் வாங்குவது 'ஆள்'. இரண்டுமே அந்த ஆளின் உள்ளே இருப்பதைத்தான் படிக்கின்றன, மாற்றுகின்றன. ஆள் இல்லாமல் இவற்றுக்கு வேலையே இல்லை. எழுதியவருக்குத் தெரியாமலே பாதி கிளாஸ் எழுதி முடித்தாயிற்று. உங்கள் சொந்தப் புரோகிராமில் மூன்று நான்கு ஃபங்ஷன்கள் ஒரே டிக்ஷனரியைத் தூக்கிக்கொண்டு அலைவதைப் பார்த்தால், அதுதான் கிளாஸ் போட வேண்டிய இடம். எங்கே கிளாஸ் போடுவது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேறு கிடையாது.

மிச்சம் இருப்பது, அந்தத் தகவலையும் இந்த ஃபங்ஷன்களையும் ஒன்றாகக் கட்டுவது மட்டுமே.

படி 4: கிளாஸ்

    கிளாஸ் வாடிக்கையாளர்:
        டெஃப் __இனிட்__(செல்ஃப், பெயர், வரம்பு=3000):
            செல்ஃப்.பெயர் = பெயர்
            செல்ஃப்.வரம்பு = வரம்பு
            செல்ஃப்.பாக்கி = 0

        டெஃப் பற்று_எழுது(செல்ஃப், தொகை):
            இஃப் தொகை <= 0:
                ரெய்ஸ் வேல்யூஎரர்("தொகை பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும்")
            இஃப் செல்ஃப்.பாக்கி + தொகை > செல்ஃப்.வரம்பு:
                ரெய்ஸ் வேல்யூஎரர்("கடன் வரம்பு தாண்டுகிறது")
            செல்ஃப்.பாக்கி += தொகை

        டெஃப் வரவு_வை(செல்ஃப், தொகை):
            இஃப் தொகை <= 0:
                ரெய்ஸ் வேல்யூஎரர்("தொகை பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும்")
            செல்ஃப்.பாக்கி -= தொகை

பயன்படுத்துவது இப்படி:

    செ = வாடிக்கையாளர்("செல்வி")
    செ.பற்று_எழுது(250)
    பிரின்ட்(செ.பாக்கி)

திரையில் 250 வரும்.

வாடிக்கையாளர்("செல்வி") என்ற வரி ஓடும்போது பைதான் முதலில் ஒரு வெற்று ஆப்ஜெக்டை, அதாவது அந்தக் கிளாஸின் அச்சில் வார்த்த ஒரு தனிப் பொருளை, உருவாக்குகிறது. பிறகு அதை 'செல்ஃப்' என்ற பெயரில் இனிட்டுக்குக் கொடுக்கிறது. இனிட் அதில் பெயர், வரம்பு, பாக்கி மூன்றையும் எழுதி வைக்கிறது. ஆக, இந்தக் கிளாஸிலிருந்து வரும் எந்த ஆப்ஜெக்டும் அரைகுறையாகப் பிறக்க வழியில்லை. பெயர் கொடுக்க மறந்தால் அந்த வரியிலேயே டைப்எரர் வரும். இரண்டாம் படியில் பல நாள் கழித்து எங்கோ வெடித்த தவறு இப்போது பிறந்த இடத்திலேயே பிடிபடுகிறது. தொடக்க நிலையில் இருப்பவர் கிளாஸ் பழக இந்த ஒரு காரணமே போதும்.

செல்ஃப் என்றால் என்ன என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அதில் மந்திரம் எதுவும் இல்லை. செ.பற்று_எழுது(250) என்று நீங்கள் எழுதுவதைப் பைதான்

    வாடிக்கையாளர்.பற்று_எழுது(செ, 250)

என்று எடுத்துக்கொள்கிறது. புள்ளிக்கு இடப்பக்கம் இருக்கும் ஆப்ஜெக்ட் முதல் ஆர்கியுமென்டாகப் போகிறது. மூன்றாம் படியில் 'ஆள்' இருந்த இடத்தில் இப்போது 'செல்ஃப்'. இரண்டு விதமாகவும் ஓட்டிப் பாருங்கள், ஒரே விடைதான் வரும். ஒருமுறை இதைக் கையால் செய்து பார்த்துவிட்டால் செல்ஃப் பற்றிய குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளாஸைப் புதிதாகப் பயன்படுத்தத் தொடங்குகிறோம் என்று நினைப்பவர் உண்மையில் முதல் நாளிலிருந்தே அதைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார். முதல் படியில் பெயர்கள்.சார்ட்() என்று எழுதினோமே, அது லிஸ்ட் என்ற கிளாஸின் மெத்தட். பைதானில் எண்ணும் சரமும் (ஸ்ட்ரிங்) ஃபங்ஷனும்கூட ஏதோ ஒரு கிளாஸின் ஆப்ஜெக்ட்தான். அடுத்தவர் எழுதிய கிளாஸைப் பயன்படுத்துவதிலிருந்து சொந்தமாக ஒன்று எழுதும் நிலைக்கு நகர்கிறோம், அவ்வளவே.

படி 5: உள்ளே மாற்றுங்கள், வெளியே தெரியக் கூடாது

கிளாஸின் முழுப் பயன் இந்தப் படியில்தான் தெரியும். அவசரப்படாமல் படியுங்கள்.

ஒரு மாதம் கழித்துக் கடைக்காரர் கேட்கிறார்: "பாக்கி எவ்வளவுன்னு மட்டும் காட்டுது. என்னைக்கு எவ்வளவு வாங்கினாங்கன்னு தெரியணும்." நியாயமான கேள்வி. பாக்கியை ஒரே எண்ணாக வைத்திருந்தால் இதற்குப் பதில் கிடையாது. ஒவ்வொரு பற்றும் வரவும் நாளோடு பதிவாக வேண்டும். பாக்கி என்பது அந்தப் பதிவுகளின் கூட்டுத்தொகை.

டிக்ஷனரிப் புரோகிராமாக இருந்திருந்தால் ஆள்["பாக்கி"] என்று எழுதிய ஒவ்வொரு வரியையும் தேடி மாற்ற வேண்டும். கிளாஸில் மாற்றம் கிளாஸுக்குள்ளேயே முடிந்துவிடும்:

    ஃப்ரம் டேட்டைம் இம்போர்ட் டேட்

    கிளாஸ் வாடிக்கையாளர்:
        டெஃப் __இனிட்__(செல்ஃப், பெயர், வரம்பு=3000):
            செல்ஃப்.பெயர் = பெயர்
            செல்ஃப்.வரம்பு = வரம்பு
            செல்ஃப்._பதிவுகள் = []

        @ப்ராப்பர்ட்டி
        டெஃப் பாக்கி(செல்ஃப்):
            ரிட்டர்ன் சம்(தொகை ஃபார் நாள், தொகை இன் செல்ஃப்._பதிவுகள்)

        டெஃப் பற்று_எழுது(செல்ஃப், தொகை, நாள்=நன்):
            இஃப் தொகை <= 0:
                ரெய்ஸ் வேல்யூஎரர்("தொகை பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும்")
            இஃப் செல்ஃப்.பாக்கி + தொகை > செல்ஃப்.வரம்பு:
                ரெய்ஸ் வேல்யூஎரர்("கடன் வரம்பு தாண்டுகிறது")
            செல்ஃப்._பதிவுகள்.அப்பென்ட்((நாள் ஆர் டேட்.டுடே(), தொகை))

        டெஃப் வரவு_வை(செல்ஃப், தொகை, நாள்=நன்):
            இஃப் தொகை <= 0:
                ரெய்ஸ் வேல்யூஎரர்("தொகை பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும்")
            செல்ஃப்._பதிவுகள்.அப்பென்ட்((நாள் ஆர் டேட்.டுடே(), -தொகை))

ப்ராப்பர்ட்டி என்ற அந்த ஒரு வரி செய்வது இதுதான்: செ.பாக்கி என்று அடைப்புக்குறி இல்லாமல் கேட்டாலும் பின்னால் கூட்டல் நடந்து விடை வரும். வெளியே பிரின்ட்(செ.பாக்கி) என்று நூறு இடத்தில் எழுதியிருந்தாலும் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டாம். பாக்கி இதுவரை சேமித்து வைத்த எண்ணாக இருந்தது, இப்போது கணக்கிட்டு எடுக்கும் எண்ணாகிவிட்டது. அந்த வித்தியாசம் வெளியே இருப்பவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

கூடவே இன்னொரு நன்மை. செ.பாக்கி = 0 என்று யாராவது நேரடியாக எழுத முயன்றால் அட்ரிபியூட்எரர் வரும். கடனை மாற்ற வேண்டுமென்றால் பற்று எழுத வேண்டும், இல்லையேல் வரவு வைக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. ஒவ்வொரு முறையும் கூட்டுவது வேகத்தைக் குறைக்காதா என்று கேட்கலாம். ஒரு வாடிக்கையாளருக்கு ஆயிரம் பதிவுகள் இருந்தாலும் கணினிக்கு அது கண்ணிமைக்கும் வேலைகூட இல்லை.

பதிவுகள் என்பதற்கு முன்னால் உள்ள அடிக்கோடு ஒரு வேண்டுகோள் மாத்திரமே: 'இது உள்வீட்டு விஷயம், வெளியிலிருந்து தொடாதீர்கள்.' ஜாவாவில் பிரைவேட் என்று போட்டால் கம்பைலரே தடுக்கும். பைதான் தடுக்காது. அந்த மரியாதையை எழுதுபவர்தான் காக்க வேண்டும். அதேபோல் செ.வரம்ப = 5000 என்று எழுத்துப் பிழையோடு எழுதினால், டிக்ஷனரியைப் போலவே ஆப்ஜெக்டிலும் புதிதாக ஓர் அட்ரிபியூட் (ஆப்ஜெக்டுக்குள் பெயரிட்டு வைத்த மதிப்பு) சத்தமில்லாமல் உருவாகிவிடும். கிளாஸ் போட்டால் இது தானாகத் தீரும் என்று நம்ப வேண்டாம். வெளியிலிருந்து மதிப்புகளை நேரடியாக மாற்றாமல் மெத்தட் வழியாகவே மாற்றும் பழக்கம்தான் தீர்வு. மெத்தட் பெயரைத் தவறாக அடித்தால் உடனே எரர் வந்துவிடும் அல்லவா.

பைசா வரும் கடையாக இருந்தால் தொகையைத் தசமத்தில் வைக்காதீர்கள். பைதானில் 0.1 + 0.2 என்று கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். பைதான் மட்டுமல்ல, இரும எண்முறையில் தசமங்களை வைக்கும் எல்லா மொழிகளுக்கும் உள்ள சிக்கல் இது. 12 ரூபாய் 50 பைசாவை 1250 பைசா என்று முழு எண்ணாக வையுங்கள், திரையில் காட்டும்போது மட்டும் 100-ஆல் வகுங்கள்.

படி 6: சோதனை

கிளாஸ் எழுதியவுடன் அதன் கீழேயே சோதனையும் எழுதுங்கள். தகவலும் விதியும் ஒரே இடத்தில் இருப்பதால், முழுப் புரோகிராமையும் ஓட்டாமல் இந்தத் துண்டை மட்டும் தனியே சோதிக்கலாம்.

    ச = வாடிக்கையாளர்("சோதனை", 500)
    ச.பற்று_எழுது(500)
    அஸர்ட் ச.பாக்கி == 500
    ட்ரை:
        ச.பற்று_எழுது(1)
    எக்செப்ட் வேல்யூஎரர்:
        பாஸ்
    எல்ஸ்:
        ரெய்ஸ் அஸர்ஷன்எரர்("வரம்பைத் தாண்டியும் ஏற்றுக்கொண்டது")

அஸர்ட் என்பது, சொன்னது உண்மை இல்லையென்றால் எரர் காட்டும். ட்ரை பகுதியில் எதிர்பார்த்த எரர் வந்தால் எக்செப்ட் ஓடும், எரர் வராவிட்டால் எல்ஸ் ஓடும். சரியாக வரம்பளவு ஏற்க வேண்டும், அதற்கு மேல் ஒரு ரூபாய் என்றாலும் மறுக்க வேண்டும். பிழைகள் பெரும்பாலும் இந்த விளிம்பில்தான் இருக்கும்; > போட வேண்டிய இடத்தில் >= போட்டிருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

படி 7: இரண்டாவது கிளாஸ்

    கிளாஸ் பற்று_நோட்டு:
        டெஃப் __இனிட்__(செல்ஃப்):
            செல்ஃப்._ஆட்கள் = {}

        டெஃப் சேர்(செல்ஃப், கைபேசி, ஆள்):
            இஃப் கைபேசி இன் செல்ஃப்._ஆட்கள்:
                ரெய்ஸ் வேல்யூஎரர்("இந்த எண்ணில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்")
            செல்ஃப்._ஆட்கள்[கைபேசி] = ஆள்

        டெஃப் மொத்த_பாக்கி(செல்ஃப்):
            ரிட்டர்ன் சம்(ஆள்.பாக்கி ஃபார் ஆள் இன் செல்ஃப்._ஆட்கள்.வேல்யூஸ்())

ஒரே தெருவில் இரண்டு செல்வி இருப்பார்கள் என்பதால் பெயரைக் கீயாக வைக்கவில்லை. கைபேசி எண்ணைச் சரமாக, மேற்கோள் குறிக்குள் வையுங்கள். எண்ணாக வைத்தால் முன்னால் வரும் பூஜ்யமும் +91-இல் உள்ள கூட்டல் குறியும் நிற்காது.

நோட்டு தனி ஆளின் பதிவுகளைத் தொடுவதே இல்லை, ஆள்.பாக்கி என்று கேட்டு வாங்கிக்கொள்கிறது. ஒருவரின் கடன் எப்படிக் கணக்காகிறது என்பது வாடிக்கையாளர் கிளாஸின் பொறுப்பு. யார் யார் இருக்கிறார்கள் என்பது நோட்டின் பொறுப்பு. ஒரு கிளாஸ் இன்னொன்றைத் தன்னுள் வைத்துக்கொள்ளும் இந்த முறைக்குக் காம்போசிஷன் என்று பெயர். விலங்கிலிருந்து நாய் வந்ததுபோல் ஒரு கிளாஸிலிருந்து துணைக் கிளாஸ் உருவாக்கும் முறை இன்ஹெரிட்டன்ஸ். அன்றாட வேலையில் அதைவிடக் காம்போசிஷன்தான் அதிகம் பயன்படும்.

அப்படியானால் இன்ஹெரிட்டன்ஸ்? தள்ளிப் போடுங்கள். 'மொத்த வியாபாரி' என்று ஒரு துணைக் கிளாஸ் போட்டு அவருக்கு வரம்பு 50000 என்று வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், வாடிக்கையாளர்("அன்பு ஸ்டோர்", 50000) போதும். வேறுபடுவது மதிப்பு மட்டும் என்றால் அது ஒரு ஆர்கியுமென்ட். நடத்தையே வேறுபட்டால், உதாரணமாக மொத்த வியாபாரிக்கு மட்டும் 30 நாள் தவணை கணக்கிட வேண்டும் என்றால், அப்போது யோசிக்கலாம். விலங்கு, நாய், பூனை என்று பாடம் தொடங்குவதன் தீமை இதுதான்: இன்ஹெரிட்டன்ஸ்தான் கிளாஸின் நோக்கம் என்ற எண்ணம் மனதில் பதிந்துவிடுகிறது. 1960-களில் நார்வேயின் ஆஸ்லோவில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் சிமுலா மொழியை உருவாக்கியது, நிஜ உலக அமைப்புகளைக் கணினியில் பாவித்துப் பார்க்கத்தான். சிமுலா 67-இல் கிளாஸ், துணைக் கிளாஸ் இரண்டும் இருந்தன. ஆனாலும் அடிப்படைத் தேவை, ஒவ்வொரு பொருளும் தன் நிலையையும் தன் செயல்களையும் தன்னோடு வைத்திருப்பதுதான். கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2001-ஆம் ஆண்டுக்கு இவர்கள் இருவருக்கும் கிடைத்தது.

அடிக்கடி நேரும் பிழைகளும் காரணங்களும்

மெத்தட் வரையறையில் செல்ஃப் எழுத மறப்பது முதலிடம். டெஃப் பற்று_எழுது(தொகை) என்று எழுதிவிட்டு செ.பற்று_எழுது(250) என்று அழைத்தால், 'ஒரு ஆர்கியுமென்ட் வாங்கும், இரண்டு கொடுக்கப்பட்டது' என்ற பொருளில் டைப்எரர் வரும். ஒன்றுதானே கொடுத்தேன் என்று குழம்ப வேண்டாம், மற்றொன்று செ.

இனிட்டுக்கு இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோடு வேண்டும். ஒன்று குறைந்தால் பைதானுக்கு அது வேறு ஏதோ ஒரு மெத்தட். ஆப்ஜெக்ட் உருவாகும்போது அதை அழைக்காது. வாடிக்கையாளர்("செல்வி") என்ற வரியில் 'ஆர்கியுமென்ட் எதுவும் வாங்காது' என்று எரர் வந்தால் அடிக்கோடுகளை எண்ணிப் பாருங்கள்.

பதிவுகள் லிஸ்டை இனிட்டுக்குள் வைக்காமல், கிளாஸ் வரிக்கு நேர் கீழே _பதிவுகள் = [] என்று வைப்பது மிக மோசமான பிழை. அந்த லிஸ்ட் கிளாஸுக்குச் சொந்தமாகிவிடும். எல்லா வாடிக்கையாளரும் ஒரே லிஸ்டில் எழுதுவார்கள். செல்வி வாங்கிய பருப்புக்கு முருகனும் கடன்காரர் ஆவார். ஒரே ஒரு வாடிக்கையாளரை வைத்துச் சோதித்தால் இது தெரியவே தெரியாது. அதனால் எந்தக் கிளாஸையும் குறைந்தது இரண்டு ஆப்ஜெக்ட் வைத்துச் சோதியுங்கள்.

இதன் உடன்பிறப்பு, டெஃப் வரியில் இயல்பு மதிப்பாக நாள்=டேட்.டுடே() என்று எழுதுவது. இயல்பு மதிப்பு கணக்கிடப்படுவது டெஃப் வரி ஓடும்போது ஒரே ஒரு முறைதான், அழைக்கும் ஒவ்வொரு முறையும் அல்ல. கடைக் கணினியை இரவில் அணைக்காமல் விட்டால் மறுநாள் விற்பனையும் முந்தைய நாள் தேதியில் விழும். நன் வைத்து உள்ளே சரிபார்த்தது இதற்காகத்தான். இயல்பு மதிப்பாக வெற்று லிஸ்ட் கொடுப்பதும் இதே காரணத்தால் தவறு.

மெத்தடை அழைக்கும்போது அடைப்புக்குறியை விடுவது கண்ணில் படாத பிழை. வரம்பு_தாண்டியதா என்று ஒரு மெத்தட் எழுதிவிட்டு

    இஃப் செ.வரம்பு_தாண்டியதா:

என்று கேட்டால் விடை எப்போதும் ஆம்தான். மெத்தட் ஓடுவதே இல்லை; மெத்தட் என்ற பொருள் இருக்கிறதா என்றுதான் பைதான் பார்க்கிறது, அது எப்போதும் இருக்கும்.

க = செ என்று எழுதினால் நகல் உருவாகாது. ஒரே ஆப்ஜெக்டுக்கு இரண்டு பெயர். க-வில் பற்று எழுதினால் செ-யிலும் ஏறும்.

பிரின்ட்(செ) என்று போட்டால் கிளாஸின் பெயரும் ஒரு நினைவக முகவரியும்தான் வரும். இது பிழையல்ல. __ரெப்ர்__ என்ற மெத்தடில் பெயரையும் பாக்கியையும் சரமாக ரிட்டர்ன் செய்தால், பிழை தேடும் நேரம் குறையும்.

எப்போது கிளாஸ் வேண்டாம்

ஒரு கோப்பைப் படித்து வேறு வடிவில் எழுதும் இருபது வரி நிரலுக்குக் கிளாஸ் எதற்கு? செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்ற ஒரு ஃபங்ஷன் போதும். இனிட்டும் இன்னொரு மெத்தடும் மட்டுமே உள்ள கிளாஸ் எழுதிவிட்டீர்களா? அது பெரும்பாலும் ஒரு ஃபங்ஷனாகவே இருந்திருக்க வேண்டும். நினைவில் வைக்க வேண்டிய நிலையும் அதைக் காக்கும் விதியும் சேர்ந்து இருக்கும்போதுதான் கிளாஸ்.

விதி எதுவும் இல்லை, நான்கைந்து தகவலைச் சேர்த்து வைத்தால் போதும் என்றால் டேட்டாகிளாஸ் இருக்கிறது. 2018-இல் வந்த பைதான் 3.7 முதல் உடன் வருகிறது. இனிட், ரெப்ர் இரண்டையும் அதுவே எழுதிக்கொள்ளும். லிஸ்டை நேரடியாக இயல்பு மதிப்பாகக் கொடுத்தால் வேல்யூஎரர் காட்டி மறுத்துவிடும் என்பது அதன் கூடுதல் நன்மை.

படி 8: கோப்பில் சேமித்தல்

ஜேசன் என்பது தகவலை எழுத்து வடிவில் கோப்பில் வைக்கும் ஒரு முறை. ஜேசன் கோப்பில் நம் ஆப்ஜெக்டை அப்படியே எழுத முடியாது, டைப்எரர் வரும். ஜேசனுக்குத் தெரிந்தது டிக்ஷனரி, லிஸ்ட், சரம், எண், ட்ரூ, ஃபால்ஸ், நன் ஆகியவைதான், தேதியும் தெரியாது. எனவே கிளாஸுக்குள்ளேயே ஒரு மெத்தட்:

        டெஃப் அகராதியாக(செல்ஃப்):
            ரிட்டர்ன் {
                "பெயர்": செல்ஃப்.பெயர்,
                "வரம்பு": செல்ஃப்.வரம்பு,
                "பதிவுகள்": [[நாள்.ஐஎஸ்ஓஃபார்மட்(), தொகை]
                             ஃபார் நாள், தொகை இன் செல்ஃப்._பதிவுகள்],
            }

பாக்கியைச் சேமிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பதிவுகள் இருந்தால் பாக்கியைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். இரண்டையும் சேமித்தால் என்றாவது ஒருநாள் இரண்டும் முரண்படும்.

தமிழில் எழுதுபவர்கள் இரண்டு அமைப்புகளை மறக்கக் கூடாது. கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் (எழுத்துகளைக் கோப்பில் வைக்கும் முறை) யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள். விண்டோஸில் குறிப்பிடாமல் விட்டால் பல கணினிகளில் தமிழ் எழுத்தை எழுதும்போதே எரர் வரும். ஜேசனாக எழுதும்போது என்ஸ்யூர்_ஆஸ்கி என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். இல்லாவிட்டால் 'செல்வி' என்ற பெயர் பின்சாய்கோடும் யூனிகோடு எண்களுமாகக் கோப்பில் விழும். புரோகிராம் அதைத் திரும்பப் படித்துவிடும், ஆனால் கோப்பைத் திறந்து பார்க்கும் மனிதருக்கு எதுவும் புரியாது.

கோப்பிலிருந்து திரும்பப் படிக்கும் மெத்தடை நீங்களே எழுதிப் பாருங்கள். பதிவுகளை நேரடியாக லிஸ்டில் திணிக்காமல், மைனஸ் தொகை என்றால் மைனஸ் குறியை நீக்கி வரவு_வை, மற்றவை பற்று_எழுது என்று வரிசையாக அழைத்து ஏற்றுங்கள். கோப்பை யாராவது கையால் திருத்தித் தொகையை வரம்புக்கு மேல் ஏற்றியிருந்தால், ஏற்றும்போதே வேல்யூஎரர் வந்து கோளாறு இருப்பதைக் காட்டிவிடும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: வாடிக்கையாளரின் வரம்பை இடையில் குறைத்திருந்தால் பழைய நியாயமான பதிவுகளையும் அது மறுக்கும். அந்த நிலை உங்கள் கடையில் வரும் என்றால், வரம்பு மாற்றத்தையும் நாளோடு ஒரு பதிவாகவே வைத்துவிடுங்கள். மாற்ற வேண்டியது வாடிக்கையாளர் கிளாஸை மட்டும்தான், பற்று_நோட்டு கிளாஸில் ஒரு வரியும் மாறாது.